உங்க கலருக்கு எடுக்காது

கல்லூரியில் படித்த காலத்தில் இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த மாதங்களின் சாயங்காலங்களிலும் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்த்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூரில் இடம் கிடைத்ததும் நின்றுகொண்டேன். கடைசி நாள் ஒரு ஞாயிறு, அதுவும் மதியம் வரைதான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். வேலையை விட்டு நிற்கும் பெண்ணுக்கு முதலாளி ஒரு பட்டுப் புடவை கொடுப்பார். அவரே தேர்ந்தெடுப்பார். எனக்கானது காலையிலேயே ஒரு பையில் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதுவரை சொந்தமாக ஒரு பட்டுப் புடவைகூடக் கிடையாது. காஞ்சிபுரத்தில் பிறந்தவள் இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அன்று அந்தப் பையை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புடவையைப் பாயில் விரித்துக் காட்டினால் பாதி வியாபாரம்தான். யாராவது ஒருத்தி தோளில் போட்டுக்கொண்டு நின்றால்தான் மீதி. எங்கள் கடையில் அந்தத் தோள், என்னோடு வேலை பார்த்த சிவத்த பெண்ணுடையது. நான் கறுப்பு. விரிப்பதும் மடித்து அடுக்குவதும் என் வேலை. யாரும் வாயைத் திறந்து காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அதைவிட மோசம், நானே அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டேன். கறுத்த பெண் யாராவது வெளிர் நிறத்தில் கை வைத்தால், "உங்க கலருக்கு எடுக்காதும்மா" என்று அரக்கு நிறத்தின் பக்கம் திருப்பிவிடுவேன். நான் சொன்னால் உடனே கேட்டுக்கொள்வார்கள். என் முகத்தைப் பார்த்துத்தான் நம்பினார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு மேல், மாகறல் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அவளும் அப்படியே என் நிறம். உட்கார்ந்த உடனே மேல் தட்டிலிருந்த கிளிப்பச்சையைக் கை காட்டினாள். எடுத்து விரித்தேன். விரித்த கையோடு வாயும் தன் வேலையைச் செய்தது.

"உங்க கலருக்கு எடுக்காதும்மா. அரக்குல பாருங்க, வீடியோவுல எடுப்பா விழும்."

"நானும் அதாம்மா சொல்லிக்கினு வரேன், கேக்க மாட்டேங்குறா" என்றாள் அம்மா.

மகள் புடவையை விடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க போட்டுப் பாத்தீங்களாக்கா? உங்களுக்கு எடுக்கலையா?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப கொஞ்சம் மேல போட்டுக் காட்டுங்களேன். நீங்களும் என் கலருதானே இருக்கீங்க."

சிவத்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அதற்கு முன்னால் அந்தக் கண்ணாடியைத் துடைக்க மட்டும்தான் அவ்வளவு கிட்டே போயிருக்கிறேன்.

நன்றாக இருந்தது. பச்சையும் மங்கவில்லை, நானும் மங்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் கடைமேல், பிறகு என்மேல். அதற்கு முந்தின ஆவணியில் ஒருத்தி ரோஜா நிறப் புடவையை இரண்டு முறை தடவிப் பார்த்தாள். எடுக்காது என்று நான் சொன்னதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள், தொடக் கூடாததைத் தொட்டுவிட்டது மாதிரி. அரக்கு வாங்கிக்கொண்டு போனாள். அவள் கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அரக்கோடுதான் இருப்பாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்று அம்மா இறங்கிவந்தாள். மகள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"நான் சொன்னதுதாம்மா தப்பு" என்று அவளிடம் சொன்னேன். அந்தக் கடையில் நான் விற்ற கடைசிப் புடவை அதுதான்.

அவர்கள் போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பையை நீட்டினார். "உன் கலருக்குன்னு பாத்துப் பாத்து எடுத்து வெச்சேன்மா."

பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அரக்கு. நல்ல மனிதர், ஆசையாகத்தான் எடுத்திருந்தார். காலையில் கொடுத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருப்பேன். அவர் தலைக்கு மேலே 'விற்ற பொருள் மாற்றித் தரப்படாது' என்ற பலகை வேறு.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இதுக்குப் பதிலா அந்த ரோஸ் கலர்ல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"ரோஸா? உன் கலருக்கு..." என்று ஆரம்பித்தவர் கண்ணாடிப் பக்கம் பார்த்தார்.

"போய் நீயே எடுத்துக்கோம்மா."

அலமாரியில் தேட வேண்டியிருக்கவில்லை. எந்தத் தட்டில் எத்தனையாவது என்று எனக்குத் தெரியும். ஆசைப்பட்டவர்கள் கையிலிருந்து வாங்கி, மடித்து மடித்து அங்கே திருப்பி வைத்தவள் நான்தானே.