வழக்கு வாங்கும் ஆர்டிஸ்

கதவு திறந்தால் ஆர்டிஸ் நூட்ஸன் முதலில் பார்ப்பது வந்தவரின் கையை. முகம் அப்புறம்தான். கை வெறுமையாக இருந்தால், "உள்ள வா, காத்து வருது, கதவைச் சாத்து" என்பாள். கையில் பழுப்பு உறை இருந்தால் தன் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டுவாள்.

உறையோடு வருகிறவன் பெரும்பாலும் ஷெரீஃப் அலுவலகத்துப் போலீஸ்காரன் டேரல்.

"இன்னைக்கு யாருக்குக் கல்யாணப் பத்திரிகை?"

"ஒரு நாளாவது பூட்டிட்டு எங்கயாவது போயேன் ஆர்டிஸ். எவனாவது தப்பிச்சுப் போகட்டும்."

"நான் இல்லேன்னா தப்பிக்க மாட்டான் டேரல். தெரியாமலே மாட்டுவான்."

அமெரிக்காவில் இந்த மொன்டானா மாநிலத்தில் எவ்வளவு சின்னக் கம்பெனி தொடங்கினாலும், அதன் மேல் வழக்கு வந்தால் சம்மனைக் கையில் வாங்கிக்கொள்ள ஓர் ஆளை நியமித்து, பெயரையும் தெரு முகவரியையும் பதிந்தாக வேண்டும். பதிவு முகவர் என்று சட்டம் சொல்லும். அவரவர் பெயரையே போட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆனால் கடை நிறைய ஆள் இருக்கும் நேரத்தில் சீருடைக்காரன் உறையோடு வந்து நின்றால், சாயங்காலத்துக்குள் கோதுமை வயல் தாண்டிச் செய்தி போய்விடும். அதனால் முடிதிருத்துகிற கார்லா, டயர் கடைக்காரன், தேனீ வளர்க்கும் அக்கா தங்கை, மைசூர்ப் பருப்பை வாங்கிச் சலித்து மூட்டை கட்டும் நான், எல்லோருக்கும் ஆர்டிஸ்தான். எங்களுக்கு வரவேண்டிய தலைகுனிவை அவள் வாங்கி வைத்துக்கொள்வாள்.

முகவர் என்றால் வேலை நேரத்தில் முகவரியில் இருக்க வேண்டும். அதற்கு இவளைவிடப் பொருந்தாத உடம்பு இந்த ஊரில் கிடையாது. என் வயதுதான், ஐம்பத்தைந்து இருக்கும். உட்காரத் தெரியாது. அவள் நாற்காலியில் அவள் கோட்டுதான் உட்கார்ந்திருக்கும். ஜன்னலிலிருந்து காப்பிச் சட்டிக்கு, காப்பிச் சட்டியிலிருந்து ஜன்னலுக்கு. வாயில் சூரியகாந்தி விதை. தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே நடப்பாள். போகிற போக்கில் என் தோளில் ஒட்டிய பருப்புத் தூசியைத் தட்டிவிடுவாள். எதிர்ச்சாரிக் கஃபேக்குக்கூடப் போவதில்லை. கஃபேக்காரர்களே தெருவைக் கடந்து வந்து சூப்பை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். நின்றபடி குடிப்பாள்.

அவளை முகவராக நியமிக்கப் போன அன்று நான் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுபோயிருந்தேன். விசாவில் இருந்த காலத்துப் பழக்கம்; எங்கே போனாலும் எதையோ கேட்டுவிடுவார்கள் என்று பயம். அவள் கட்டைத் தொடவே இல்லை.

"நான் போன் பண்ணா எடுப்பியா?"

"எடுப்பேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றானுங்க. போனை எடு. என் நம்பரைப் போடு. என் கண்ணு முன்னாடி போடு."

போட்டேன். ஊரே அப்படித்தான் போட்டிருக்கிறது. வினையும் அங்கேதான். திரையில் அவள் பெயர் வந்தால் யாரென்று தெரிந்துவிடுகிறது, தெரிந்துவிடுவதால் யாரும் எடுப்பதில்லை. ஒரு முறை முகவரி சரிபார்க்கத்தான் கூப்பிட்டாள். அதற்குள் நான் மனசுக்குள் கம்பெனியை மூடி, வீட்டை விற்று, சென்னைக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டேன்.

போன பிப்ரவரியில் எடுக்காமல் இருந்தவன் லைல். தானிய வண்டிகளுக்கு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். ஆர்டிஸோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவன் பற்றவைத்த இணைப்பு அறுந்து ஒருவரின் வண்டி சாலையோரம் கவிழ்ந்தது. அவர் வழக்குப் போடப்போகிறார் என்று கஃபேயில் எல்லோரும் பேசினார்கள். போட்டும் விட்டார். சம்மன் வந்த மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தந்தால் காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் வைத்துப் பார்த்துக்கொள்ளும். தராவிட்டால் எதிராளி கேட்டதெல்லாம் தீர்ப்பாகும், பட்டறை போய்விடும். ஆர்டிஸ் நகலைத் தபாலில் அனுப்பினாள். அவன் பிரிக்கவில்லை. ஐந்து மணிக்குத் தன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு இரண்டு முறை அவன் வீட்டுக்கே போனாள். விளக்கு எரிந்தது, வண்டி நின்றது, கதவு திறக்கவில்லை.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் லைலே சொல்லித் திரிந்ததுதான். நான் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மட்டும்.

"சட்டப்படி என் வேலை முடிஞ்சாச்சு" என்றாள், ஜன்னலை நோக்கிப் போகும்போது. திரும்பி வருகையில், "முடிஞ்சா மட்டும்?" என்றாள். பிறகு என் முன்னால் நின்று, "உன் போனைக் குடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். என் பெயரைப் பார்த்ததும் லைல் உடனே எடுத்தான். "சொல்லுய்யா, சலிக்கிற மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"நான்தான்டா."

"ஆர்டிஸ், வண்டி ஓட்டிட்டிருக்கேன்."

"பட்டறை கிரைண்டர் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. திங்கக்கிழமைதான் கடைசி, லைல்..."

வைத்துவிட்டான். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு, கோப்பையிலிருந்த விதைத்தோலைக் குப்பையில் கொட்டினாள். "இன்னைக்கு ராத்திரி யாரோட மேட்ச்?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை என்றால் ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கத்தில்தான். லைலின் மகள் ஆடுகிறாள். அவனால் வராமல் இருக்க முடியாது, நடுவில் எழுந்து போகவும் முடியாது. நான் இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். ஆர்டிஸ் பலகைப் படிகளில் ஏறி நேரே அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"உக்காரலாமா?"

"டிக்கெட் வாங்கினியா?"

"வாங்கினேன்."

"அப்ப உக்காரு."

பாதி ஆட்டம் வரை அவள் உறையை வெளியே எடுக்கவில்லை. இடைவேளை மணி அடித்ததும் அவனே ஆரம்பித்தான், காலியான மைதானத்தைப் பார்த்தபடி.

"கொஞ்ச நாள் அப்படியே விட்டா அவரே விட்டுருவாரு ஆர்டிஸ்."

"அவர் விடுவாரு. தேதி விடாது."

"உனக்கென்ன. குடுத்துட்டுப் போயிருவ."

"போறவளா இருந்தா தபால் பெட்டியோடவே போயிருப்பேனே. உக்காந்திருக்கேன்ல?"

உறையிலிருந்து சம்மனை எடுத்து, விரித்து, அவன் முழங்கால் மேல் வைத்தாள். விரலால் கெடு எழுதியிருந்த வரியைத் தொட்டாள். லைல் குனிந்தான், நிமிர்ந்தான்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல."

அணிகள் உள்ளே வந்துவிட்டன. சுற்றிலும் எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். ஆர்டிஸ் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, அவன் மூக்கில் வைத்து, ஒரு காது, பிறகு இன்னொரு காது என்று பொறுமையாக மாட்டிவிட்டாள்.