கடைசியில் வரும் தமிழ்ப் பிரதி

தேசியத் திட்டங்கள் ஆங்கிலத்தில் பிறந்து, சிங்களத்துக்குப் போய், கடைசியாகத்தான் வெள்ளவத்தையில் என் மேசைக்கு வரும். அவற்றைத் தமிழாக்குவது என் பிழைப்பு. நிலைபேறான விவசாயத்துக்கும் உணவு முறைமைக்குமான திட்டத்தை இதோடு மூன்றாவது முறை மொழிபெயர்த்தேன். அரசாங்கம் மாறினால் பெயர் மாறும், முன்னட்டை மாறும். ‘விவசாயிகளின் கருத்துகளைப் பெற்றே இத்திட்டம் தயாரிக்கப்பட்டது’ என்ற வசனம் மட்டும் மாறவே மாறாது.

இம்முறை அதைத் தட்டச்சு செய்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமைச்சில் இருக்கும் தமிழ் உத்தியோகத்தருக்குப் போன் எடுத்தேன்.

“தம்பி, வன்னியில எந்தக் கமக்காரரிட்டக் கேட்டனீங்கள்?”

“இனித்தான் அண்ணை கேக்கோணும். அடுத்த மாசம் வவுனியாவில கூட்டம். தமிழ்ப் பிரதி இல்லாமல் அவையிட்ட என்னத்தைக் காட்டிக் கேக்கிறது? கெதியா முடிச்சுத் தாங்கோ.”

மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு முடித்தேன். அனுப்பப்போகும் நேரத்தில் அவரே போன் எடுத்தார்.

“அனுப்பாதேங்கோ அண்ணை. அந்தத் திட்டத்தைக் கைவிட்டிட்டினம். புதுசு ஒண்டு எழுதுகினம்.”

“அப்ப வவுனியாக் கூட்டம்?”

“புதுசின்ர தமிழ்ப் பிரதி வரட்டும், பாப்பம்.”

போனை வைத்துவிட்டு, செய்ததையெல்லாம் அழித்தேன். அந்த ஒரு வசனத்தை மட்டும் அழிக்கவில்லை. புதியதிலும் அது வரும்.