ஒன்பது கொம்பியூட்டரும் ஒரே நேரத்தில்

பழைய கொம்பியூட்டரைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. திருத்தியதை ஆட்கள் தொடாமல் பார்ப்பதுதான் வேலை. நீங்களும் எதையாவது திருத்தி நாலு பேர் நடுவில் வைத்தவர் என்றால் என் கஷ்டம் விளங்கும்.

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு உதவியாளனாக இருந்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நிலக்கீழ் அறையில், இருபது வருடத்துக்கு முன் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த வீட்டுக் கொம்பியூட்டர்கள் ஒன்பது கிடந்தன. ஆசிரியருடையது ஒன்று, மாணவருடையது எட்டு. ஆசிரியருடையதிலிருந்து கணக்கு மற்ற எட்டுக்கும் வயர் வழியாகப் போகும். மாலை போலக் கோத்த வயர். ஒன்று அணைந்தால் ஒன்பதும் நிற்கும்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குச் சொந்த அறை இல்லை. தலைமையாசிரியை சொன்னார்: "மே மாதக் கடைசிச் சனிக்கிழமை வருவேன். ஒன்பதும் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த நிலக்கீழ் அறை உங்களுக்கு. இல்லையென்றால் இவை கழிவு நிலையத்துக்கு."

சந்தனம்

ஒக்டோபரில் ஒன்பதையும் ஓட வைத்துவிட்டேன். அடுத்த கிழமை சரஸ்வதி பூசை. பெற்றோர் சங்கச் செயலாளர் நடராஜா, என்னைவிட இளையவர், கொப்பி புத்தகங்களோடு கொம்பியூட்டர்களையும் படத்துக்கு முன்னால் அடுக்கினார். முன்பக்கம் முழுவதும் எழுத்துக் கட்டைகள், பொட்டு வைக்க இடமில்லை. பின்பக்கம் திருப்பி, நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அது வயர் சொருகுகிற வாய்.

ஒன்பது வாயையும் பல்துலக்கும் பிரஷால் சுரண்டி எடுக்க நாலு சனிக்கிழமை போயிற்று. நடராஜாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"கும்பிட்டே ஓடேல்லை எண்டால், கும்பிடாமல் எப்பிடியண்ணை ஓடும்?"

பதினொரு நிமிடம்

பாடம் கசெட்டிலிருந்து ஏறப் பதினொரு நிமிடம் எடுக்கும். மணிக்கூட்டை வைத்துப் பார்த்திருக்கிறேன், பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. அதுவரை திரையில் கோடுகள் ஓடும். பிள்ளைகளைக் கைகட்டி இருக்கச் சொன்னேன். நாலாவது நிமிடத்தில் நடராஜாவின் மகள் டெனிஷில் ஏதோ முணுமுணுத்தாள். தமிழில் சொல்லச் சொன்னேன்.

"எங்கட வீட்டு மைக்ரோவேவ் இதைவிடக் கெட்டிக்காரன், மாமா."

பிளக்

வருடம் பிறந்த பிறகு வன்னியில் சண்டை இறுகியது. பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதில்லை. நடைபாதையில் நின்று ஊருக்குக் கோல் எடுப்பார்கள். போனில் சார்ஜ் இறங்கினால் உள்ளே வந்து கைக்கு அகப்பட்ட பிளக்கைப் பிடுங்குவார்கள். அறையில் ஒன்பது பிளக்குத்தான், ஒன்பதும் கொம்பியூட்டருக்கு. ஒரு சனிக்கிழமை மட்டும் ஐந்து தடவை நின்றது. ஐந்து தரம் பதினொரு நிமிடம். 'தொட வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். ஒட்டிய தாளைத் தூக்கிவிட்டுப் பிடுங்கினார்கள். கடைசியில் பிளக்குகளுக்கு முன்னால் நானே போய் நின்றேன்.

"அங்க சனம் சாகுது, நீங்கள் பிளக்குக்குக் காவல் நிக்கிறியள்," என்றார் நடராஜா.

கடைசிக் கதிரை

செல்வராணி முதியோர் இல்லத்தில் வேலை. அவளுடைய தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான், மாசியிலிருந்து சத்தமில்லை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் வந்து எட்டாவது மாணவர் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்தி, நாலாம் வகுப்புப் பிரித்தல் கணக்குச் செய்வாள். இது பிள்ளைகளுக்கு உரியது என்று ஒருநாள் சொல்லிப்போட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அண்ணை, இது மட்டுந்தான் எனக்கு விடை தெரிஞ்ச கேள்வி கேக்குது."

தலைமையாசிரியை

மே மாதம் சண்டை முடிந்துவிட்டதென்று செய்தி வந்தது. அதற்கடுத்து வந்தது அந்தக் கடைசிச் சனிக்கிழமை. பெற்றோர் நடைபாதையில் நின்றார்கள், ஊருக்குக் கோல் எடுக்கவில்லை. அன்றைக்கு ஒருவரும் பிளக்கைத் தொடவில்லை. தலைமையாசிரியை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க ஒன்பதும் ஓடின. செல்வராணி கதவடியில் நின்றாள். கையில் போன், செத்துக் கிடந்தது. அவள் பிளக் கேட்கவில்லை.

எட்டாவது கொம்பியூட்டரின் பிளக்கை நானே கழற்றி அவளுடைய போனைச் சொருகினேன். ஒன்பதும் நின்றன.

தலைமையாசிரியை வந்து எத்தனை ஓடுகிறது என்று கேட்டார். "பூச்சியம்," என்றேன். மிச்சம் சொல்ல எனக்கு டெனிஷ் வரவில்லை. நடராஜாதான் நல்ல டெனிஷில், போனைக் காட்டி எல்லாம் சொன்னார். தலைமையாசிரியை ஒரு சின்னக் கதிரையை இழுத்துப் போட்டு, அரை மணித்தியாலம் எங்களோடு இருந்து அந்தப் போனைப் பார்த்தார். அது அடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஒன்பதும் ஓடின. அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, நேரே செல்வராணியிடம் போய்க் கோல் வந்ததா என்று கேட்டார். அவள் தலையாட்டி, அவருக்குத் தமிழ் விளங்காது என்பதையும் மறந்து சொன்னாள்.

"வியாழக்கிழமை வந்தது. முகாமில இருக்கிறான். சாப்பிட்டியோ எண்டு என்னைக் கேக்கிறான்."

எட்டு மாதம் பாடுபட்டு, தலைமையாசிரியைக்கு முன்னால் ஒன்பதையும் ஒரே நேரத்தில் ஓட வைத்த அன்று, அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை, என்னையும் சேர்த்து.