எதிரெதிரே போட்ட மேசைகள்

இதை நானே என் கையால் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. மார்த்தாண்டத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்றைக்குத் துபாய் அல்கூஸில் சொந்தமாக மரவேலை ஒர்க்‌ஷாப் போட்டு நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். தமிழோடு சேர்த்து ஐந்து பாஷை பேசுகிறேன். ஒன்றையும் புத்தகத்தில் படிக்கவில்லை, எல்லாம் காதால் பிடித்தது. பலகையை விரலால் தட்டிக் கேட்டே உள்ளே ஈரம் இருக்கிறதா, பொந்து இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காது.

வாசிப்புதான் தகராறு. எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு வரியைத் தாண்டுவதற்குள் தேநீர் ஆறிவிடும். அதை ஒருவருக்கும் தெரியவிடவில்லை. திங்கட்கிழமை காலையில் வாரத்து வேலைப் பட்டியலை எல்லோர் முன்னாலும் வாசிப்பது முதலாளியின் வேலை. நான் ஃபோர்மேனைப் பார்த்து, “கண்ணாடியை ரூம்ல வெச்சிட்டேன், நீயே வாசிடே” என்பேன். கண்ணாடி என் சட்டைப் பையிலேயே இருக்கும். இருபது வருஷமாக அது அங்கேதான் இருந்தது.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஜுமேரா பக்கம் ஒரு வில்லாவிலிருந்து ஆர்டர் வந்தது. யூதர்கள் தொழுகைக்குக் கூடும் வீடு அது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே பெரியவர்களுக்கு வேதப் படிப்பு நடக்கும். டாக்டர், விமானி, பேங்க்காரர் என்று பதினாறு பேர், எல்லோரும் தலை நரைக்கத் தொடங்கியவர்கள். அவர்களுக்குப் படிப்பு மேசை வேண்டுமாம். அளவை மட்டும் கேட்டுக்கொண்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத மேசையா? பதினாறு தனி மேசை, எல்லாம் ஒரே திசை பார்த்து, மூன்று பக்கமும் துணி ஒட்டிய தடுப்பு. பக்கத்தில் இருப்பவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்காது. துபாயில் அந்த வேலையை என்னைப்போல் செய்ய ஆள் கிடையாது.

வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒவ்வொரு மேசையாகத் தடவிப் பார்த்து, மரம் அருமை என்றார். பிறகு தயங்கித் தயங்கி, இன்னொருவர் எங்கே உட்காருவார் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவர்கள் வழக்கத்தில் படிப்பு என்றால் இரண்டு பேராம். எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேள்வி கேட்டு மடக்க வேண்டும். தனியாக மௌனமாகப் படிப்பது அவர்களுக்குப் படிப்பில் சேர்த்தியே இல்லை. படிக்கிற இடத்தில் சத்தம் கூடாது என்று நான் அவருக்கே பாடம் எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள் என்றார்.

இருந்தேன். தடுப்புகளை விட்டுத் தரையிலும் சோபாவிலுமாக ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். எட்டு ஜோடி, எட்டுக் குரல் மேலே, எட்டுக் குரல் கீழே. தகரக்கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரு இரைச்சல். ஜன்னலுக்கு வெளியே கடல்பக்கத்துப் பனிமூட்டம் வெள்ளையாக நின்றது. நான் அறுத்த மரத்தின் தூள் ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்தது. என்ன பேசுகிறார்கள் என்று ஒரு சொல் தெரியாது. ஆனாலும் யாரோ என் நெற்றியைத் தடவுகிற மாதிரி இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. எழுந்தபோது வகுப்பு முடிந்திருந்தது. மறுபேச்சு இல்லாமல் தடுப்புகளைக் கழற்ற ஒத்துக்கொண்டேன். ஒர்க்‌ஷாப்பில் வேலை அதிகம், அதனால் ஞாயிறுக்கு இரண்டு ஜோடி மேசை என்று நானே வந்து எதிரெதிரே சேர்த்துக் கொடுத்தேன்.

இரண்டாவது ஞாயிறு, சேர்த்துவைத்த மேசையில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கொச்சிக்காரர், எழுபதைத் தாண்டியவர், மகளோடு ஷார்ஜாவில் இருக்கிறார். அவருடைய ஜோடிக்காரருக்குப் பஹ்ரைனுக்கு மாற்றல் ஆகிவிட்டது. அவர் போனில் பேசிய மலையாளம் காதில் விழுந்ததும் நான் போய் எதிரே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை மேஸ்திரி என்றார், நான் அவரைச் சேட்டா என்றேன்.

அவர்கள் பையன்கள் பதிமூன்று வயதில் சபை முன்னால் வேதச்சுருளிலிருந்து வாசிக்க வேண்டுமாம். இவருக்கு அந்த வயதில் அப்பா இறந்துபோய், கப்பலில் வேலைக்கு ஏறிவிட்டார். வாசிக்கவே இல்லை. இப்போது ஒன்பது வசனம் வாசிக்க நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை பயந்து தள்ளிப்போட்டவர். மூன்றாம் முறையும் தள்ளினால் இனி இந்த ஜன்மத்தில் கேட்கமாட்டேன் என்றார். இன்னும் மூன்று வாரம் இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. படிக்கிற புத்தகத்தில் உயிர்க்குறியும் ராகக்குறியும் அச்சிட்டிருக்கும். தோல்சுருளில் அது ஒன்றும் கிடையாது, வெறும் எழுத்து. மற்றதை மனசில் வைத்துக்கொண்டு ராகம் தப்பாமல் வாசிக்க வேண்டும். அதனால் ஆசிரியர் வாசித்துப் பதிந்து கொடுத்த குரலை அவர் போனில் வைத்திருந்தார். எனக்கும் அனுப்பச் சொன்னேன். அந்த நாட்களில் எனக்கு அபுதாபி முசஃபாவில் ஒரு சைட். தினமும் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். வண்டியில் அந்தக் குரலைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை. இரண்டு பக்கமும் மணல், தூரத்தில் கானல், நடுவில் அர்த்தம் தெரியாத அந்த ராகம். ஒரு வாரத்தில் ஒன்பது வசனமும் எனக்குள் குடியேறிவிட்டன.

அடுத்த ஞாயிறு அவர் வாசிக்கும்போது தப்பு வந்தது. எனக்குத் தெரிந்தும் பேசாமல் இருந்தேன். பெரிய மனுஷனைக் குற்றம் சொல்வதா? அவர் தானே கண்டுபிடித்து நிறுத்தினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“தப்பிப்போனா மிண்டாம இருக்கல்லே மேஸ்திரி. உரக்கெச் சொல்லணும். மிண்டாம இருந்தா பின்னே நீ எனக்கு ஆரு?”

அன்றிலிருந்து தப்பு வந்தால் மேசையில் விரலால் ஒரு தட்டு. அவர் திரும்பிப் போய் வாசிப்பார்.

அந்த வசனங்களில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். பாலைவனத்தில் அவர்களுடைய முன்னோர் கூடாரம் போட்டிருக்கிறார்கள். மேலே ஒரு மேகம். அது எழும்பினால் கிளம்ப வேண்டும், நின்றால் தங்க வேண்டும். இரண்டு நாளோ ஒரு மாதமோ ஒரு வருஷமோ யாருக்கும் தெரியாது.

“நம்ம விசா மாதிரியா சேட்டா?”

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆசிரியர் சிரிக்கவில்லை, அதே கேள்வியை வகுப்பு முழுவதையும் பார்த்துக் கேட்டார். அரை மணி நேரம் டாக்டரும் விமானியும் என் கேள்வியை வைத்துச் சண்டை போட்டார்கள்.

குறித்த சனிக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தார். வாசலில் ஒரு சின்னத் தொப்பி கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுருளை விரித்தார்கள். எழுத்தை விரலால் தொடக்கூடாதென்று, நுனியில் வெள்ளிக் கை வைத்த குச்சியை அவரிடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள். கிழவர் குனிந்து முதல் எழுத்தைத் தேடினார்.

தொடங்கினார். ஐந்து வசனம் தண்ணீர்போல ஓடியது. நானும் மனசுக்குள் முசஃபா ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன், வண்டிக் கண்ணாடிக்கு முன்னால் மேகம். ஆறாவதில் ஒரு சொல் பிசகியது. எனக்குத் தெரியாமலே என் விரல் முன்னால் இருந்த பெஞ்சைத் தட்டியது. அமைதியில் அது சுத்தியல் அடித்த மாதிரி கேட்டது. மொத்த சபையும் திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி அவர் பக்கத்தில் நின்றவர் சரியான சொல்லை உரக்கச் சொன்னார். அதுதான் அங்கே வழக்கமாம், தப்பை அங்கேயே, எல்லோர் காதிலும் விழத் திருத்த வேண்டும். ஆனால் முதலில் பிடித்தது நான்தான்.

அவ்வளவுதான், மனுஷன் இடிந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். அவர் இடியவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துத் தலையை ஒரு முறை அசைத்தார். வெள்ளிக் கையைப் பின்னால் நகர்த்தினார். வசனத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசித்தார். ஒன்பதும் முடிந்தது. எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள், குழந்தைகள் வாழ்த்தாக அவர்மேல் மிட்டாய் எறிந்தார்கள். அவர் மிட்டாய் மழையில் பதிமூன்று வயதுக்காரனாக நின்றார்.

திங்கட்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் பட்டியலை எடுத்தான். நான் கை நீட்டி வாங்கினேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன். நாற்பது பேரும் மெஷின்களைத் தொடாமல் நின்றார்கள். முதல் வரியை வாசித்தேன். இரண்டாவது வரியில் ஃபோர்மேன் முகம் சுருங்கியது, ஆனால் வாய் திறக்கவில்லை.

“தப்பா வாசிச்சா சும்மா நிக்காதடே. சத்தமாச் சொல்லு.”

பின்னால் பாலிஷ் போடும் ஆள்தான் மெதுவாக, “அண்ணாச்சி, அது வேற” என்று சரியான சொல்லைச் சொன்னான். நான் விரலை அந்த வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனேன். மறுபடி வாசித்தேன். அன்றைக்கு மெஷின்கள் ஓட அரை மணி நேரம் பிந்தியது.