முன்னால் ஒரு கியர், பின்னால் நாலு

மதுரையில் நான் ஃபிட்டராக இருந்த நூற்பு மில்லில் அந்த வருடம் கதவடைப்பு. எழுபதுகளின் கடைசி. கேட்டில் பூட்டைப் பார்த்த மறுவாரமே பழைய டிராக்டர் ஒன்றை வாங்கிச் சரிபண்ணலாம் என்று எனக்குத் தோன்றியது. கூட வேலை பார்த்தவர்களில் சிலர் சீட்டாடினார்கள், சிலர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார்கள். அவர்களுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. எனக்குக் கை சும்மா இருந்தால் தலை சும்மா இருக்காது.

வண்டி திருவாதவூரில் ஒரு தென்னந்தோப்புக்குள் நின்றது. எப்போதோ வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. ஸ்டீயரிங்கைச் சுற்றிக் கோவைக்கொடி ஏறி, புகைக்குழாயில் காய்த்துத் தொங்கியது. சீட்டுக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. விலை பேசி முடித்த பிறகு தோப்புக்காரர், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வண்டியை நகர்த்தக் கூடாது என்றார். ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த டிராக்டர் விஷயத்தில் குறித்த காலத்தில் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

லாரியில் ஏற்றிப் பேரையூருக்குப் பக்கத்தில் என் அக்கா ஊருக்குக் கொண்டுபோனேன். அக்காவுக்குக் கரிசலில் நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. மச்சான் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு ஜோடி மாட்டை வைத்துக்கொண்டு அவளே உழுது, அவளே விதைத்து, அவளே காவல் காத்தாள். அந்த நாலு ஏக்கரில் விளைந்தால் அவளுக்கும் அவள் மகளுக்கும் வருஷத்துக்குச் சோளம் உண்டு. விளையாவிட்டால் அடுத்தவர் காட்டுக்குக் களையெடுக்கப் போக வேண்டும்.

வண்டி வாங்கப் பணம் மாட்டிலிருந்துதான் வந்தது.

“அக்கா, மாட்டக் குடுத்துருவோம். ஆடிக்குள்ள வண்டி ஓடிரும். நாலு ஏக்கரையும் ரெண்டே நாள்ல உழுதுறலாம். அப்புறம் ஊர்க்காடு பூராவும் நம்ம வண்டிதான்” என்றேன்.

அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். “ம்” என்றாள். அந்த ஒரு எழுத்து எனக்குப் போதுமானதாக இருந்தது.

மாட்டை வாங்கியவர் அதே ஊரில் மேலத்தெரு அண்ணன். அவர் காடும் அக்கா காடும் ஒரே வரப்பு. விற்ற மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் இரண்டு மாடும் கயிற்றை இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுத் தொழுவத்துக்கே வந்துவிட்டன. அக்கா கழுநீர் வைத்தாள். குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு அவளே பிடித்துக்கொண்டு போய் மேலத்தெருவில் கட்டிவிட்டு வந்தாள். நான் அப்போது முற்றத்தில் உட்கார்ந்து எஞ்சின் மூடிக்கு அட்டையில் கேஸ்கட் வெட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். பார்க்காத மாதிரி வெட்டிக்கொண்டிருந்தேன். கோணலாகப் போனதால் வேறு அட்டை வாங்க வேண்டியதாயிற்று.

வண்டியை அக்கா வீட்டு வேப்பமரத்தடியில் கருங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினேன். மதுரைக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் எஞ்சினில் பாதி பயணம் செய்திருக்கிறது. கிராங்க் ஷாஃப்டைச் சாக்கில் சுற்றிக் கடைசி சீட்டில் படுக்கவைத்தேன். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லாத யாரோ என்று நினைத்து ஓரமாகத் தள்ளிப் போனார். திருமங்கலத்தில் சாக்கு விலகியது. அதன்பிறகு லக்கேஜ் டிக்கெட் போட்டார். டீசல் பம்ப்பை மதுரையில் சரிபார்த்து எடுத்து வந்தபோது பஸ்ஸிலேயே மறந்துவிட்டு இறங்கினேன். மறுநாள் அதே கண்டக்டர் அதை என் கையில் கொடுத்து, “அண்ணே, ஒங்களுக்கு வேற தொழில் எதுவும் இல்லயா?” என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார்.

ஆடி போனது. ஆவணியும் போனது. அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“தம்பி, ஆடின்னியே, எந்த ஆடி?”

புரட்டாசி பிறந்தபோது எஞ்சின் ஓடியது. மதுரையில் லாரிப் பட்டறை வைத்திருந்த ஒருவர் அதற்காகவே ஒரு நாள் வந்திருந்தார். உறவு எதுவும் கிடையாது. நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பின்பக்கம் போய், சக்கரம் மாட்டுகிற அச்சை இரண்டு பக்கமும் கையால் ஆட்டிப் பார்த்தார்.

“பின்னாடி நல்லா இருக்கு மாப்ள. அதத் தொறக்காத.”

“சரி மாமா.”

அவர் போன பஸ்ஸின் புழுதி அடங்குவதற்குள் திறந்துவிட்டேன். மில்லில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். ஒரு மெஷினை எடுத்தால் முழுக்கக் கழற்றி, கழுவி, மாட்டினால்தான் வேலை செய்த மாதிரி. உள்ளே கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரம். எஞ்சினிலிருந்து வருகிற சுற்று அது வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகும். இந்தப் பக்கம் மாட்டினாலும் உட்காரும், அந்தப் பக்கம் மாட்டினாலும் உட்காரும். அதனால் எது இடது, எது வலது என்று கழற்றும்போதே குறி போட்டுவிட வேண்டும். போட்டேன். சாக்பீஸால் போட்டேன். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். அழுக்கோடு குறியும் போய்விட்டது. பளபளவென்று இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஞாபகம் இருந்த பக்கமாக மாட்டி, எண்ணெய் ஊற்றி மூடினேன்.

மாட்டிய பிறகு ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். எஞ்சினைத் தினமும் ஓட்டினேன், வண்டியை ஓட்டவில்லை. டயர் வரத் தாமதம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பூசை போடாத வண்டியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். நான் மில்லில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன்.

புரட்டாசி கடைசியில் மழை பெய்தது. கரிசலில் மழை பெய்த மறுநாள் கால் வைக்க முடியாது, ஆறாம் நாள் கலப்பை இறங்காது. நடுவில் கிடைக்கிற மூன்று நான்கு நாளில் உழுது விதைத்தவனுக்குத்தான் அந்த வருடம் வெள்ளாமை. மழை பெய்த மூன்றாம் நாள் காலையில் பூசை வைத்தோம். சந்தனம், குங்குமம், மாலை, சூடம். நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஆளுக்கொன்றாக நாலு எலுமிச்சம்பழம். தெருவே வந்து நின்றது. மேலத்தெரு அண்ணன் மட்டும் வரவில்லை. அவர் விடியும் முன்பே மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போயிருந்தார்.

நான் ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போனது.

கியர் தவறிவிட்டது என்று நினைத்து இரண்டாவது கியரைப் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போய்த் தொழுவத்து மண்சுவரை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. உள்ளே மாடு இல்லாததால் சேதம் எதுவும் இல்லை. எலுமிச்சம்பழம் நாலும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

“ஊறுகாய்க்கு ஆகும்” என்றார் ஒருவர்.

என்ன நடந்தது என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கிரவுன் பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் போக வேண்டிய நாலு கியரும் பின்னால் போகும். பின்னால் போக வேண்டிய ஒரே கியரில் முன்னால் போகும். மறுபடி கழற்றி மாட்ட நாலு நாள் வேண்டும். காட்டில் ஈரம் அதிகம் போனால் மூன்று நாள் இருக்கும். இறங்கி அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“முன்னாடி போகவே போகாதா?”

“ரிவர்ஸ் போட்டா முன்னாடி போகும்க்கா.”

“கலப்பைய இழுக்குமா?”

“இழுக்கும். ஆனா அந்தக் கியரு அம்புட்டுப் பாரத்துக்குச் செஞ்சது இல்ல. ஊரே பாத்துச் சிரிக்கும். நாலு நாள் பொறுத்தயின்னா...”

“ஏறு” என்றாள்.

ஏறினேன். ரிவர்ஸ் கியரைப் போட்டு முன்னால் நகர்த்தினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. யாரோ கைதட்டினார்கள். பாராட்டித்தானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காட்டுக்கு ஒரு மைல். அவ்வளவு தூரமும் வண்டி ஓலமிட்டுக்கொண்டே போனது. மேட்டில் பாரம் ஏறியதும் கியர் லிவர் தானாக வெளியே குதித்தது. அதை ஒரு கயிற்றால் சீட்டோடு இழுத்துக் கட்டினேன். வண்டியோடு வந்த ஐந்து கொழுக் கலப்பையை இறக்கி உழ ஆரம்பித்தேன். பக்கத்துக் காட்டில் மேலத்தெரு அண்ணன் உழுதுகொண்டிருந்தார். வரப்பு ஓரம் வரும்போதெல்லாம் அந்த இரண்டு மாடும் நின்று எங்கள் பக்கம் பார்த்தன. அண்ணன் அதட்டிய பிறகுதான் திரும்பின.

முதல் நாள் ரேடியேட்டர் கொதித்ததில் பாதிப் பொழுது போனது. அக்கா ஊருணியிலிருந்து குடத்தில் தண்ணி கொண்டுவந்து கொண்டுவந்து ஊற்றினாள். ஒன்றரை ஏக்கர் முடிந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் மொத்தம் மூன்றரை ஏக்கர். அக்கா பின்னாலேயே விதைத்து வந்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. திமிரும் கொஞ்சம் வந்தது. அவளைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினேன். அடுத்த உழவுச் சாலில் வண்டிக்கு அடியில் கற்களை வாளியில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரிவர்ஸ் கியரின் பல் உதிர்ந்துவிட்டது. இப்போது என்னிடம் பின்னால் போகிற நாலு கியர் பத்திரமாக இருந்தன.

மீதி அரை ஏக்கர். ஈரம் மறுநாள் ஒரு நாள்தான் தாங்கும். அன்று சாயங்காலம் அக்கா மேலத்தெருவுக்குப் போனாள். நான் போகவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று இப்போது சுலபமாக எழுதுகிறேன், அன்று வைத்த சோற்றை அப்படியே மூடி வைத்தேன். திரும்பி வந்து சொன்னாள்:

“காலைல மாட்டக் குடுக்குறேன்னாரு. அவருக்கு விதைப்பு கெடக்கு, ஆள் வரமாட்டாக. நீதான் ஏர் பிடிக்கணும்.”

விடிந்ததும் மாட்டைப் பூட்டினோம். நான் ஏர் பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. மேழியை அழுத்தி, “ஹை” என்றேன். மாடு நகரவில்லை. தார்க்குச்சியால் தொட்டேன். வலத்து மாடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். அக்கா விதைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து மாட்டுக்கு முன்னால் நடந்தாள். எதுவும் சொல்லவில்லை, கயிற்றைக்கூடத் தொடவில்லை. சும்மா நடந்தாள். இரண்டும் நடந்தன.

ஐந்தாறு சால் போனோம். டிராக்டர் நின்ற இடத்தைச் சுற்றித்தான் உழ வேண்டியிருந்தது. அதைத் தாண்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லி என் பக்கத்துக்கும் ஒரு நியாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

“ஒன்னியக் கேட்டுத்தானக்கா மாட்ட வித்தேன்” என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“நீ எங்கடா கேட்ட? சொன்ன.”

மாடுகள் அவளுக்குப் பின்னால் போயின, நான் மாடுகளுக்குப் பின்னால் போனேன்.