கையில் கத்தரி இருந்த காலை

கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வீடு. தீவிர மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துத் தேறிவரும் எட்டுப் பேர் அங்கே ஒன்றாகத் தங்கியிருக்கிறார்கள். நான் அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். சமைப்பது, துவைப்பது, பஸ் ஏறுவது என்று விட்டுப்போன காரியங்களைத் திரும்பப் பழக்குவதுதான் என் வேலை.

எட்டுப் பேரில் ஒருவர் திராட்சைத் தோட்டங்களில் கொடிகளின் கிளைகளைக் கத்தரித்துக் கவாத்து வெட்டியவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியதும் அவர் வீட்டார் முதலில் ஒளித்துவைத்தது அவருடைய கத்தரியைத்தான். ஒன்பது வருடமாக ஒரு காய்கறிக் கத்தியைக்கூட யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. ஒருநாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, "என்ன வேலை செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"கவாத்து" என்றார்.

வீட்டைக் கவனிக்கும் சிஸ்டருக்கு இதில் இஷ்டமில்லை. "ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். டாக்டரும் சம்மதித்தார். பக்கத்துத் தோட்டத்து அம்மா எங்களுக்கு ஒரு வரிசைக் கொடிகளை விட்டுக்கொடுத்தார்.

மூன்று நாள் அந்தக் கவாத்துக்காரர் அழகாக வெட்டினார். நான்காம் நாள் காலை, அவர் வெட்டிப்போட்ட குச்சிகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தரிச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பின்னாடி நிக்கிறது யாரு?"

திரும்பினேன். பந்தலைத் தாங்கும் கல்தூண்தான் இருந்தது. "யாரும் இல்லையே."

"பேசுறானே. உங்களத்தான் பேசுறான்."

கத்தரி விரிந்தபடி இருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் நான்கடிகூட இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். வெளியே போகும் வழி அவர் பக்கம் இருந்தது.

"அசையாதீக" என்றார். அசைய நினைத்திருந்தாலும் என்னால் முடிந்திருக்காது.

அவர் கத்தரியை மடக்கி, பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினார். "இத வாங்கிக்கங்க. என் கையில இருக்க வேணாம்."

என் கை எழும்பவில்லை. அவர் கத்தரியைத் தரையில் வைத்துக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னையப் பாத்துப் பயந்துட்டீகளா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்தது.

"எனக்கும் பயந்தான். அவென் உங்கள ஏதாச்சும் செஞ்சுருவானோன்னு."

நடந்ததைச் சிஸ்டரிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் மருந்தை மாற்றினார். புது மருந்தின் அசதியில் இரண்டு வாரம் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. அந்த இரண்டு வாரமும் என் முதுகுக்குப் பின்னால் யார் நடந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மூன்றாம் வாரம் அவரே வந்து, "நாளைக்குப் போவமா?" என்றார். மழை வரும் என்றேன். மறுநாளும் கேட்டார்; மீட்டிங் இருக்கிறது என்றேன். அதற்கடுத்த நாள் அவர் சொன்னார்: "பயமா இருந்தா நீங்க வர வேணாம் மேடம். சிஸ்டர வரச் சொல்லுங்க. நான் போகணும்."

வெட்கமாக இருந்தது. சிஸ்டரையும் சேர்த்து மூவரும் உட்கார்ந்து பேசினோம். குரல் வருமுன் இடது காது சூடாகும் என்றார். சூடானதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். நான் அவர் கண்ணுக்கு எதிரே, வழியை ஒட்டி நிற்க வேண்டும்.

அன்று அரை வரிசை வெட்டினார். இரண்டு தடவை கத்தரியைக் கீழே வைத்து, "வருது மேடம்" என்றார். இரண்டு தடவையும் நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

இப்போது வாரம் மூன்று காலை, தோட்டத்து ஆட்களோடு நான் இல்லாமலே போகிறார். தோட்டத்து அம்மாவின் பெயர் போனில் தெரிந்தால் எடுப்பதற்குள் எனக்குக் கை வேர்த்துவிடும். நேற்றும் அப்படித்தான்.

"அவுக சோத்துத் தூக்குவாளிய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டாக," என்றார் அந்த அம்மா. "யார்கிட்டயாவது குடுத்து விடுறீகளா?"