பின் வரிசைக்கும் கேட்ட குரல்

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை செய்யும் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது கண்ணன் அழைத்தார். "அக்கா மோசம் போயிட்டா," என்றார். எந்த அக்கா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் அந்தச் சாவுச் செய்தி கண்ணன் வாயிலிருந்து வந்ததுதான் எனக்கு வியப்பு. கூடப்பிறந்த பத்மா அக்காவோடு அவர் மூன்று வருடமாக ஒரு சொல்லும் பேசவில்லை.

வாரம் முழுவதும் வீடுகளைத் துப்புரவு செய்துவிட்டு, ஞாயிறு பின்னேரங்களில் நகரின் போர்கோ வெக்கியோ பகுதியில் ஒரு மாடி அறையில் தமிழ்ச் சனம் எங்களுக்கு ஈரானியப் படம் போட்டவர் பத்மா அக்கா. ஏன் ஈரான் என்று ஒருமுறை கேட்டேன். "அங்கை ஒருத்தரும் கெட்டவர் இல்லை. எல்லாரும் வீட்டுக்காகத்தான் பொய் சொல்லுகினம். எங்கடை சனம் மாதிரி," என்றார்.

படத்தில் பேச்சு பாரசீகம், கீழே ஓடும் எழுத்து இத்தாலியன். நாங்கள் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் இரண்டு வரி போய்விடும். அதனால் அக்கா திரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லுவார். கணவன், மனைவி, நீதிபதி, சாட்சி எல்லாருக்கும் ஒரே தட்டையான குரல். ஒரு படத்தில் மருமகன் மாமியாரை வாய்க்குள் திட்டினான். அதையும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார். முன் வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போய், சூடு ஆறிய பிறகுதான் திரும்பி வந்தார். அதை விட்டிருக்கலாமே என்று கேட்டோம். "விட்டால் அது என்ரை படம். அவையின்ரை படம் இல்லை," என்றார்.

பிறகுதான் அந்த விபத்து. கண்ணனின் மகன் சுதன், சந்தைத் தெருவில் ஸ்கூட்டரால் ஒரு கிழவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். கிழவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இங்கே தங்குவதற்கான அனுமதியை, சுதனின் பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கும் நேரம் அது. வழக்கு வந்தால் இங்கே இருக்க முடியுமா என்பதே கேள்வி. தானே ஓட்டியதாகச் சொல்லிவிடுவது என்று கண்ணன் முடிவெடுத்தார். ஆனால் அவருடைய இத்தாலியன் மீன்கடையைத் தாண்டாது. பொலிஸுக்கு வந்து தன் பேச்சை இத்தாலியனில் சொல்லித்தரும்படி அக்காவைக் கேட்டார். "நீ சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்," என்றார் அக்கா. கண்ணன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இருவரையும் பொலிஸுக்குக் காரில் கொண்டுபோனது நான்தான். தான் ஓட்டியதாகக் கண்ணன் சொன்னார். அக்கா கண் இமைக்காமல் அதை இத்தாலியனில் சொன்னார். எந்தப் பக்கத்தால் வந்தீர், கிழவர் கையில் என்ன இருந்தது என்று அதிகாரி கேட்டார். கண்ணன் அக்கா பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியாது அக்கா, நீ ஏதாவது சொல்லிவிடு," என்றார். அக்கா அதிகாரியைப் பார்த்து, தனக்குத் தெரியாதாம், என்னை ஏதாவது சொல்லிவிடச் சொல்கிறார் என்று அதையும் மொழிபெயர்த்தார். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

காரில் கண்ணன் கத்தினார். "நீ சொன்னதைத்தானே சொன்னனான்," என்றார் அக்கா. சீட் பெல்ட்டை மாட்ட மறந்து, வீடு வரும்வரை அதைக் கையில் பிடித்தபடியே இருந்தார். மறுநாள் சுதன் தானே போய் ஒப்புக்கொண்டான். அவன் பார்த்த உணவக வேலை போயிற்று. பெர்மெஸ்ஸோ வெகுகாலம் இழுபட்டு, ஒருவழியாக வந்தது. அதுவரை நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கினான்.

கண்ணன் அக்காவோடு பேச்சை நிறுத்தினார். ஆனால் ஞாயிறு தவறாமல் வந்து கடைசி வரிசையில் இருப்பார். விளக்குப் போடுமுன் போய்விடுவார். கோபம் அக்காவோடுதான், படத்தோடு இல்லை என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அடக்கத்தன்று அவர் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். ஒருநாளாவது பேசியிருக்கலாமே என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான்தான் கதைக்கேல்லை. அவ ஒவ்வொரு ஞாயிறும் என்னோடை கதைச்சவ," என்றார். "படத்திலை தகப்பன்மார் கதைக்கிற இடம் வந்தா மட்டும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுவா. பின்னுக்கு இருக்கிற எனக்குக் கேக்கவேணும் எண்டு."

முன் வரிசையில் இருந்த எங்களுக்கு அது தெரியாமலே போயிற்று. எல்லாம் ஒரே குரல் என்றுதான் நினைத்திருந்தோம். இனி யாருக்காவது நான் மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்தால், ஒரு சொல்லையும் விடமாட்டேன். கடைசி வரிசையில் யார் இருக்கிறார் என்றும் பார்த்துக்கொள்வேன். பத்மா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான்.